இந்த மாசம் யாரு?

எங்கள் பட்டறைத் தெருவில் லாரிக்கு பாடி கட்டுகிற சத்தம் பால்காரருக்கு முன்னாலேயே எழுந்துவிடும். இரும்பை இரும்பு அடிக்கும், பலகையை ரம்பம் அறுக்கும், வெல்டிங் பொறி வாசல்வரை வந்து விழும். அத்தனை சத்தமும் மாதத்துக்கு ஒரு சாயங்காலம் மட்டும் சொல்லிவைத்தாற்போல வாயை மூடிக்கொள்ளும், ஏனென்றால் அன்றைக்குத்தான் என் தம்பி நவநீதன் சேலத்து ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்குவான், இந்த மாசம் யாராக வந்து இறங்குகிறான் என்று பார்க்க முக்குக் கடையில் தெருவே திரண்டு நிற்கும். நானும் நிற்பேன், எல்லாருக்கும் பின்னால், வயிறு எரிய. பொறாமைதான், வேறென்ன? அதற்கு நல்லதாக வேறொரு பேர் வைத்து நான் என்ன செய்யப்போகிறேன்.

அவனுக்குத் தலசீமியா. உடம்பில் ரத்தம் ஊறும், ஊறுகிற ரத்தம் உருப்படாது, உடைந்து உடைந்து வீணாகும், மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை அடுத்தவர் ரத்தம் ஏறினால்தான் அவன் எழுந்து நடப்பான். எங்கள் அம்மா, அப்பாவுக்குச் சொந்த அக்கா மகள். இரண்டு பேரிடமும் பாதிப் பாதியாகச் சத்தமில்லாமல் கிடந்த கோளாறு இவனிடம் வந்து முழுசாகச் சேர்ந்துகொண்டது என்று டாக்டரம்மா படம் போட்டுச் சொன்னார். எனக்கும் பாதி வந்திருக்கிறதாம், பாதி வந்தால் ஒன்றும் செய்யாதாம். அந்த வீட்டில் எனக்கு எதுதான் முழுசாக வந்தது?

முதலில் அது தெரியவந்தபோது அவனுக்கு நான்கு வயசு இருக்கும். அதற்கு முன்னாலும் நடந்திருக்கும், பேச்சு திருந்தாத பிள்ளையிடம் யார் கவனித்தார்கள். அம்மா மடியில் உட்கார்ந்து பஸ்ஸில் வந்தவன் திடீரென்று கட்டைக் குரலில், "கியர மாத்துய்யா, வண்டி முக்குது" என்று டிரைவரை அதட்டினானாம், நாக்பூர் தாண்டி எந்தக் கடையில் ரொட்டி நன்றாயிருக்கும் என்று பக்கத்து சீட்டுக்காரருக்குச் சொல்லிக்கொண்டே வந்தானாம், இறங்கியதும் அப்பா தோளில் கிடந்த துண்டை உருவித் தலையில் முண்டாசு கட்டிக்கொண்டு இடுப்பில் கை வைத்து நின்றான். எங்கள் பக்கத்து வீட்டு லாரி டிரைவர் சென்னியப்பன் மாமா டீ கிளாசும் கையுமாக நின்றிருந்தார், அவர் தலையிலும் அதே முண்டாசு. "நம்ம ரத்தந்தான் போயிருக்குது. போன வாரம் முகாமுல குடுத்தேனல்ல" என்று சொல்லிவிட்டு இன்னொரு டீ சொன்னார், அதைத் தம்பி சர்க்கரை கம்மியாகப் போடச் சொல்லி வாங்கிக் குடித்தான். இது எப்படி என்று தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. ரத்தம் போன இடத்துக்கு ஆள் போகாமல் இருப்பானா என்றார்கள், வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அப்புறம் அது தெருவின் வழக்கமாகிவிட்டது. ரத்த வங்கியில் பையின்மேல் யார் பேரும் எழுதுவதில்லை, எண்தான் இருக்கும், அதனால் முகாமில் கொடுத்தவர்கள் எல்லாரும் பஸ் வருகிற நேரத்துக்குக் குளித்து, தலைசீவி, முக்குக் கடைக்கு வந்துவிடுவார்கள். பெயிண்டர் மாரப்பன் அண்ணனுடைய ரத்தம் வந்தால் தம்பி இறங்கும்போதே கரித்துண்டு தேடுவான், பார்த்த சுவரிலெல்லாம் லாரி முகப்புக்கு எழுதுகிற பெரிய கண்ணும் தாமரையும் போடுவான். அண்ணனுக்குக் காய்ச்சல் வந்த ஒரு மாசம் பாதியில் நின்ற லாரிக்கு இவனை ஏணியில் ஏற்றிக் கண் எழுதவைத்தார்கள், கோடு பிசகவில்லை. இட்லிக்கடை ருக்மணியக்கா ரத்தம் வந்தால் இடுப்புச் சேலையைச் செருகுகிற மாதிரி டவுசரை இழுத்து விட்டுக்கொண்டு, "தட்டக் கழுவி வெய்யி, நான் என்ன உங்க வீட்டு வேலைக்காரியா" என்று போவோர் வருவோரையெல்லாம் திட்டுவான். அக்காவோடு சண்டைபோட்டுப் பல வருசமாகப் பேசாமலிருந்த அவள் தங்கை பக்கத்துத் தெருவிலிருந்து வந்து, இவன் காலடியில் உட்கார்ந்து அழுது சமாதானம் பேசிவிட்டுப் போனாள். சென்னியப்பன் மாமா அஸ்ஸாமுக்கு லோடு ஏற்றிப் போய்விட்டால் அத்தைக்கு இவன்தான் ஆறுதல். மாமா ரத்தம் ஓடுகிற நாள்களில் சுண்டல் அவித்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவன் ரோட்டைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருப்பாள்.

அவரவருக்கு இவன் அவரவர் பிள்ளை. எங்கள் தெருவில் கட்டுகிற லாரி எதுவும் நெற்றியில் பேர் எழுதாமல் வெளியே போகாது, சாமி பேர், இல்லாவிட்டால் முதலாளி பிள்ளை பேர். இவர்கள் முதலாளிமாரிடம் கெஞ்சிக் கூத்தாடி அதற்குக் கீழேயே 'நவநீதன்' என்று எழுதிவிடுவார்கள். என் தம்பி பேர் குஜராத் போனது, ஒரிசா போனது. என் பேர் வசுமதி. பள்ளிக்கூட ரிஜிஸ்தரைத் தாண்டி அது எங்கேயும் போகவில்லை.

ரத்தமாவது கொடுக்கலாமே என்றால் அதற்கும் வழியில்லை. வயசு வரட்டும் நானும் கொடுக்கிறேன் என்று ஒருநாள் சொன்னதற்கு டாக்டரம்மா தலையை ஆட்டிவிட்டார். "வீட்டு ஆளுங்க யாரும் குடுக்கவே கூடாதும்மா. அப்பாவும் வேண்டாம், அம்மாவும் வேண்டாம். பின்னால ஒருநாள் எலும்புக்குள்ள ரத்தம் ஊறற மஜ்ஜையை மாத்தற மாதிரி வந்தா, உங்க ரத்தத்தோட முன்னாலயே பழகின உடம்பு மஜ்ஜையை எதிர்த்துக்கும்." ஆக, தெருவே அவனுக்குள் போய்க் குடியிருந்துவிட்டு வந்தது, நான் மட்டும் வாசலில் செருப்புக்குக் காவல். ருக்மணியக்காவாக இருந்த ஒரு நாளில் அவன் என்னை மேலும் கீழும் பார்த்து, "இந்தப் புள்ளையும் பாவந்தான், யாரு கவனிக்கறா" என்றான். அது அவள் மனசிலிருக்கிற பேச்சென்று எனக்குத் தெரியாதா? அப்புறம் ரொம்ப நாளைக்கு நான் அவள் கடைப்பக்கமே போகவில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன், அது தெருவில் யாருக்கும் தெரியாது. ஏறின ரத்தம் தீருகிற கடைசி நாள்களில், உதடு வெளுத்து, கண்ணுக்குக் கீழே மஞ்சள் தட்டி, அவனுக்கு யாராகவும் இருக்கத் தெம்பிருக்காது. அப்போது அவனைத் தேடி யாரும் வரமாட்டார்கள், பஸ் வரட்டும் என்று இருப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் வாசல்படியில் உட்கார்ந்து கணக்குப் போடுவேன், அவன் மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் தோளில் தலையைச் சாய்த்துக்கொள்வான். ஒன்றும் பேசமாட்டான். எழுதுகிற கை ஆடும், எழுத்து கோணும், திட்டமாட்டேன். அந்த நாலைந்து நாள் அவன் எவருடைய பிள்ளையும் இல்லை, என் தம்பி. அதற்குள் அம்மா பையைத் தூக்கிக்கொண்டு அவனைச் சேலத்துக்குக் கூட்டிப்போவாள், திரும்பி வரும்போது இன்னொருவன் வந்து இறங்குவான்.

இப்படியே போயிருந்தால் போயிருக்கும். தெரு செய்த தப்பு ஒன்று இருக்கிறது, பிரியத்தில் செய்தது. ரத்தம் ஊறட்டும் என்று ஆளாளுக்கு முருங்கைக்கீரை பொரித்துக் கொடுத்தார்கள், பேரீச்சம்பழம் ஊட்டினார்கள், ஞாயிற்றுக்கிழமை எந்த வீட்டில் ஆடு கோழி எடுத்தாலும் ஈரல் எங்கள் வீட்டுக்கு வந்தது. ரத்தம் குறைந்த பிள்ளைக்கு இதைத்தானே கொடுப்பார்கள், யாரைக் குறை சொல்ல முடியும். டாக்டரம்மா புதுப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு அம்மாவை உட்காரவைத்தார். ஏற்றுகிற ரத்தம் ஒவ்வொன்றிலும் இரும்பு இருக்கிறது, ரத்தம் தீர்ந்தாலும் இரும்பு வெளியே போகாது, ஈரலிலும் இருதயத்திலும் படியும், அதைக் கரைக்கத்தான் தினமும் மாத்திரை, அதற்குமேல் நீங்கள் வாய் வழியாகவும் இரும்பைப் போட்டிருக்கிறீர்கள் என்றார். "இப்படியே ஏத்தீட்டே போனா இவன் மீசை முளைக்கறதப் பாப்பீங்களான்னு எனக்குச் சொல்லத் தெரியலைங்க. மஜ்ஜை மாத்தறதுதான் வழி. கூடப் பொறந்தவங்க ஒத்துப்போனா நல்லது. அதுலயும் ஆபத்து இருக்கு, மறைக்க மாட்டேன். ஆனா பிடிச்சுக்கிச்சுன்னா, அப்புறம் யார்கிட்டயும் ரத்தம் வாங்க வேண்டியதில்ல."

யார்கிட்டயும் வாங்க வேண்டியதில்லை என்ற பேச்சு பஸ்ஸுக்கு முன்னால் தெருவுக்கு வந்து சேர்ந்தது.

பொருத்தம் பார்க்க முகாம் போட்டார்கள், நான் நீ என்று எல்லாரும் வாயைத் திறந்து காட்டிப் பஞ்சுக் குச்சியில் எச்சில் கொடுத்தார்கள். சென்னியப்பன் மாமா இரண்டாம் தடவையும் வரிசையில் வந்து நின்று பிடிபட்டார். ஒருவருக்கும் ஒத்துவரவில்லை. அப்பாவுக்குப் பாதி, அம்மாவுக்குப் பாதி. எனக்கு அச்சடித்தது மாதிரி முழுசாகப் பொருந்தியது. கூடப்பிறந்தவர்களுக்கே நாலில் ஒருவருக்குத்தான் பொருந்துமாம், அந்த ஒன்று நான். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக எனக்கு ஒன்று முழுசாக வந்திருந்தது, சந்தோசப்படலாம் என்று தெருவுக்குள் வந்தால், தெருவே மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றது. இத்தனை வருசம் எனக்கிருந்த வயிற்றெரிச்சல் அன்றைக்கு வீடு வீடாகப் பரவியிருந்தது, ஒவ்வொரு முகத்திலும் அதைப் பார்த்தேன், பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

மாரப்பன் அண்ணன் பட்டறையில் கூட்டம் போட்டார்கள். ருக்மணியக்காதான் ஆரம்பித்தாள். "நம்மளது போனா ஒரு மாசம், போயிரும். இவளது காலத்துக்கும் அவனுக்குள்ள ஓடுமாம். இவளுக்கு அந்தப் பையனக் கண்டாலே ஆகாது. நாளைக்கு அவனும் இப்படியே மூஞ்சியத் தூக்கீட்டுத் திரிஞ்சான்னா?" அப்பா தலையைக் குனிந்துகொண்டு வெல்டிங் கண்ணாடியைத் துடைத்தார். நாலு பேர் சேர்ந்து டாக்டரம்மாவிடமே போய், மஜ்ஜையிலிருந்து பொறாமையை மட்டும் வடித்தெடுத்துவிட முடியுமா என்று கேட்டார்கள். டாக்டரம்மா யோசித்துவிட்டு, "ரத்தம்னா கழுவித் தரலாம். மஜ்ஜைய அந்த மாதிரி கழுவ முடியாதுங்க" என்று சொல்லி அனுப்பினார்.

கழுவ முடியாதென்றால் ஊறுகிற இடத்திலேயே நல்லதாக ஊறவைப்பது என்று முடிவாயிற்று. அன்றையிலிருந்து என்னைக் கையில் வைத்துத் தாங்கினார்கள். ருக்மணியக்கா நெய் ஊற்றி ஊற்றித் தோசை சுட்டுக் கொடுத்தாள், அத்தை எனக்குத் தலை பின்னிவிட்டுக் கனகாம்பரம் வைத்தாள், சென்னியப்பன் மாமா சூரத்திலிருந்து சுடிதார் வாங்கிவந்தார், அவனுக்கு ஆகாத ஈரலெல்லாம் என் தட்டுக்கு வந்தது. தின்றேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா? ஆனால் பரிமாறிவிட்டு ஒவ்வொருவரும் என் முகத்தை உற்றுப் பார்ப்பார்கள், சரியாகிவிட்டாளா என்று, அப்போது தின்றது நெஞ்சில் நிற்கும். மாரப்பன் அண்ணன் ஒரு புது டாரஸ் லாரியின் நெற்றியில் 'வசுமதி' என்று எழுதி, தெருவைக் கூட்டிவைத்து எனக்குக் காட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் எழுத்தைப் பார்த்தேன், கீழே இருந்த 'நவநீதன்' என்பதைப் பார்த்தேன், கையால் சாண் போட்டு அளந்தேன். அவன் பேர் பெரிசு. என் முகம் காட்டிக்கொடுத்திருக்கும், கூட்டம் பெருமூச்சு விட்டுக்கொண்டு கலைந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற முந்தின நாள் அம்மா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரொம்ப நாளைக்கப்புறம் உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்துத் தடவினாள், எனக்குக் கண் கலங்கிவிட்டது, அப்புறம் சொன்னாள்: "நல்ல மனசோட குடு கண்ணு." கலங்கின கண் அப்படியே காய்ந்துபோயிற்று. ஊரார் சொல்லலாம். பெற்றவளும் என்னிடம் இருப்பது கெட்ட மனசு என்று முடிவு பண்ணிவிட்டாள். கொடுக்கப்போவதில்லை, நாளைக்குப் போய் முடியாது என்று சொல்லிவிடுவது என்று நானும் அந்த நிமிசமே முடிவு பண்ணினேன்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கொடுக்கிற பிள்ளையைத் தனியாக உட்காரவைத்துக் கேட்பார்கள், பெற்றவர்கள்கூட உள்ளே வரக்கூடாது. அங்கிருந்த டாக்டர் வயசானவர், மேஜையில் கை ஊன்றி மெதுவாகப் பேசினார். மயக்கம் கொடுத்து இடுப்பெலும்பில் ஊசி போட்டு எடுப்போம், கொஞ்ச நாள் வலிக்கும், எடுத்தது உனக்கு மறுபடியும் ஊறிவிடும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, "உனக்கு இஷ்டமில்லைன்னா இப்ப சொல்லிரும்மா. பொண்ணு உடம்பு தோதில்லைன்னு மட்டும் வெளிய சொல்லுவேன். உன்னை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றார்.

முடியாது என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்கு முன்னால் வேறொன்று கேட்டேன். "அவன் என்னை மாதிரியே ஆயிருவானுங்களா?"

"ஆனா ஆகட்டும்மா. உன்னை மாதிரி ஆனா உயிரோட இருப்பான்."

"அதுக்கப்புறம் வெளுக்கவே மாட்டானுங்களா?"

"மாட்டான். அதுக்குத்தான இவ்வளவு பாடும்."

வெளுக்கமாட்டான் என்றால் அந்த நாலைந்து நாள் இனி இல்லை, வாசல்படி இல்லை, தோளில் தலை இல்லை. யார் யாருடைய ரத்தமோ வந்து வந்து போனதில் எனக்கென்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான், அதையும் நானே என் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுத்து இல்லாமல் ஆக்க வேண்டும். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் அவன் அம்மா மேல் சாய்ந்து கிடந்தான், வெளுத்துப் போய், யாராகவும் இல்லாமல். எடுத்துக்கங்க என்றேன். நல்ல மனசோடா என்றால், இல்லை. அந்த நேரத்தில் எனக்கு அம்மா மேல் கோபம், தெரு மேல் கோபம், அம்மா மேல் சாய்ந்திருக்கிறானே என்று அவன் மேலும் கோபம். அவ்வளவோடும்தான் கொடுத்தேன்.

அவனுடைய சொந்த மஜ்ஜையை மருந்து விட்டு முழுசாக அழித்தார்கள், முடி கொட்டியது, வாயெல்லாம் புண், கண்ணாடி அறைக்குள் அவனும் அம்மாவும் மட்டும். என்னிடமிருந்து எடுத்தது ஒரு சின்னப் பை, கருஞ்சிவப்பாக, அதைத் தொங்கவிட்டுச் சொட்டுச் சொட்டாக அவனுக்குள் இறக்கினார்கள், "இவ்வளவுதானுங்களா" என்று அம்மா நர்சிடம் கேட்டாளாம். பிடிக்கிறவரைக்கும் கோயமுத்தூர்க்காரர்கள் யார் யாருடையதோ ரத்தம் போயிற்று, போன் போட்டு விசாரித்த ருக்மணியக்காவுக்கு அதுகூடப் பொறுக்கவில்லை, எந்தத் தெருக்காரங்களாம் என்று கேட்டாள். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்து கண்ணாடிக்கு வெளியே நிற்பேன். அவன் திரும்பிப் பார்க்கமாட்டான், பார்க்க அவனுக்குள்ளே ஆளே இல்லை. செத்துப்போய்விடுவானோ என்று நான் பயந்தது அம்மாவுக்குத் தெரியாது, நான் காட்டவில்லை. ஒருநாள் டாக்டர் வெளியே வந்து என் தலையில் கை வைத்து, "பிடிச்சிருச்சும்மா, உன்னோடது ஊற ஆரம்பிச்சிருச்சு" என்றார். இனி அவன் ரத்தம் என்னுடைய குரூப்தான் என்றும் சொன்னார். நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மாதங்கள் கழித்து வாடகை காரில் தெருவுக்கு வந்தபோது எல்லாப் பட்டறையும் வாயை மூடியிருந்தது. முக்குக் கடையில் கூட்டம், ஆனால் இந்த மாசம் யாரு என்று யாரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரியும், அதுதான் அவர்கள் பயம். அம்மா முதலில் இறங்கி அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். நான் இரண்டு கையிலும் பையோடு பின்னால் இறங்கினேன். அம்மாவின் தோளுக்கு மேலாக அவன் என்னைப் பார்த்தான், மாஸ்க்குக்கு மேலே தெரிந்த கண் இரண்டும் எனக்கு நன்றாகப் பழக்கமான கண். கையை ஊன்றி அம்மாவைத் தள்ளினான்.

"என்னையே தூக்கறயே, அவ இடுப்பு வலியோட பையத் தூக்கீட்டு நிக்கறா, உனக்குக் கண்ணு தெரியுதா தெரியலயா?"

அம்மா திகைத்துப்போய் அவனை இறக்கிவிட்டாள். அவன் நிறுத்தவில்லை. ஐந்தாவதில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கினபோது நீ வரவில்லை என்றான், அம்மை போட்டிருந்தபோது அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டுப் பார்க்கவே வரவில்லை என்றான், பெரியவளானபோது சீர் வைத்த அன்றைக்குச் சாயங்காலமே அவனைத் தூக்கிக்கொண்டு சேலம் போய்விட்டாய் என்றான். எல்லாம் நான் ஒருவரிடமும் சொல்லாதது, சிலது அவனுக்கு நினைவு தெரியும் முன்னால் நடந்தது. "எல்லாம் அவனுக்கே, அந்த நவநீதனுக்கே" என்று அவன் நவநீதனைத் திட்டினான். ருக்மணியக்காதான் மெல்ல, "சரிதான், வசுமதிதான் வந்திருக்கா" என்றாள், கூட்டம் தலையாட்டியது, கொஞ்ச நேரத்தில் சுத்தியல் சத்தம் மறுபடியும் ஆரம்பித்தது.

எனக்கு வயிறு குளிர்ந்திருக்க வேண்டும் இல்லையா? இரண்டு நாள் குளிர்ந்தது, பொய் சொல்வானேன். அப்புறம் அவன் சாப்பிடமாட்டேன் என்றான். தட்டு வைத்தால் என் தட்டை எட்டிப் பார்ப்பான், இவனுக்கு மட்டும் ஏன் இவ்வளவு என்று தன் தட்டையே தள்ளிவிடுவான். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து முறைப்பான். சாமானைப் போட்டு உடைத்தாலாவது தேவலை, உள்ளுக்குள்ளேயே எரிந்துகொண்டு உட்கார்ந்திருப்பான். என் பொறாமையை நான் அதுவரை வெளியிலிருந்து பார்த்ததே இல்லை, அது அவ்வளவு சின்ன உடம்பில் அவ்வளவு பெரிசாக எரிவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. எடை இறங்கியது, மாத்திரை வயிற்றில் தங்கவில்லை, சாப்பிடாவிட்டால் இத்தனை பட்டும் புண்ணியமில்லை என்று டாக்டர் போனில் சத்தம்போட்டார். தெரு சமமாகப் பங்கிட்டுப் பார்த்தது, அவனுக்குக் கொஞ்சமாகப் போட்டுப் பார்த்தது, லாரிகளில் அவன் பேரைச் சுரண்டிக்கூடப் பார்த்தது. ஒன்றும் பலிக்கவில்லை.

அது என் நோய், மருந்து எனக்குத்தானே தெரியும்? "அவனை விட்டுரு. அவன் பாக்கறாப்புல எனக்கு ஊட்டு" என்று அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா சோற்றைப் பிசைந்து என் வாயருகே கொண்டுவந்தாள், கண் முழுக்க அவன்மேல். "நடிக்கறா" என்றான் அவன், முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கும் அது தெரிந்துதான் இருந்தது. அம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு அவனுக்கு முதுகைக் காட்டி என் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தாள். எங்கேயோ பார்த்த முகம், யாரென்று நினைவு வரவில்லை என்பது மாதிரி முதலில் பார்த்தாள். "எப்ப இவ்வளவு உசரமானே நீ?" என்று கேட்டாள். சட்டையைக் கொஞ்சம் தூக்கி இடுப்பில் ஊசி போட்ட தழும்பைத் தொட்டாள், இன்னும் வலிக்குதா என்றாள், இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், சோற்றை வைத்தாள். அழுகை வந்து சோறு இறங்கவில்லை, முதுகைத் தட்டிக்கொடுத்தாள், "மெதுவா கண்ணு, மெதுவா" என்றாள், அடுத்த வாய் வைத்தாள். அவனை அவள் மறந்தே போயிருந்தாள். பின்னாலிருந்து, "அம்மா, எனக்கு" என்றது ஒரு குரல்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் அப்படித்தான், முதல் வாய் எனக்கு. அவன் சாப்பிட்டான், தேறினான், முடி முளைத்தது, கன்னம் சிவந்தது, முருங்கைக்கீரையை நாங்கள் இரண்டு பேரும் ஒதுக்கிவைத்தோம். தெருக்காரர்கள் மாசத்துக்கு ஒரு சாயங்காலம் பழக்கதோசத்தில் முக்குக் கடைக்கு வந்து நின்றுவிட்டு, பஸ் போனதும் திரும்பிப் போனார்கள்.

ஒருநாள் வாசல்படியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான், ஓடி விளையாடிய உடம்பு, சூடாக, வியர்வை நாற்றத்தோடு. ஒன்றும் பேசாமல் என் தோளில் தலையைச் சாய்த்தான். பென்சில் ஆடியது, எழுத்து கோணியது. சாய்கிற பழக்கம் எனக்குக் கிடையாது, நான் யார்மேலும் சாய்ந்தவளில்லை, அது என்னிடமிருந்து போயிருக்க முடியாது. தெருவில் எவரிடமிருந்தும் வந்ததில்லை. மஜ்ஜையை வேரோடு அழித்து, ரத்தத்தை முழுசாக மாற்றி, குரூப்பே வேறாகி, அதற்கப்புறமும் அது அங்கேயே இருந்திருக்கிறது.

அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். அவன் பக்கத்தில் படியில் நிறைய இடம் இருந்தது. அவள் சுற்றிக்கொண்டு வந்து என் பக்கத்தில், சுவருக்கும் எனக்கும் நடுவிலிருந்த கொஞ்ச இடத்தில் நெருக்கி உட்கார்ந்தாள், என் தலையில் தன் கன்னத்தை வைத்துக்கொண்டாள். என் தோளிலிருந்த தலை உடனே நிமிர்ந்தது. அவன் கழுத்தை நீட்டி அம்மா எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்த்தான், மூக்கு விடைத்தது, கண் இடுங்கியது. அந்தப் பார்வை எனக்குத் தெரியாததா? கொஞ்சம் தள்ளி உட்காருக்கா என்றான்.

நான் ஒரு விரற்கடைகூட நகரவில்லை.